ஸ்டீயரிங் ஆயில் எங்கே போகிறது?

படகு பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹைட்ராலிக் ஸ்டீயரிங், அதாவது ஆயில் அழுத்தத்தால் படகைத் திருப்பும் அமைப்பு, பற்றியவை. ஒரு கேள்வியின் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் சேர்த்தே தருகிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது அவுட்போர்டு இன்ஜின் (பின்புறம் வெளியே தொங்குவது) மாட்டிய சிறிய ஃபைபர் படகு. ஸ்டீயரிங் பம்ப்பில் ஆயில் அடிக்கடி குறைகிறது. குறையும்போதெல்லாம் ஊற்றிவிடுகிறேன். படகின் தரையில் எங்கும் எண்ணெய் தெரியவில்லை. ஓட ஓடக் கொஞ்சம் செலவாவது இயல்புதானே ஐயா?

இல்லை. இன்ஜினில் ஆயில் எரிந்து கொஞ்சம் குறையலாம். ஸ்டீயரிங்கில் ஆயில் எரிய வழியே கிடையாது. சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பம்ப் ஒரு ஹோஸ் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. அது சிலிண்டரின் ஒரு பக்கத்தில் நுழைந்து பிஸ்டனை நகர்த்துகிறது. பிஸ்டனோடு இணைந்த கம்பிதான் ராடு, இன்ஜினைத் திருப்புவது அதன் அசைவுதான். மறுபக்கத்தில் இருந்த ஆயில் இன்னொரு ஹோஸ் வழியாகப் பம்ப்புக்கே திரும்புகிறது. அவ்வளவுதான் அதன் பயணம். ஆகவே அளவு குறைந்தால் அது எங்கோ வெளியே போயிருக்கிறது. ஆயிலைப் புதிதாக நிரப்பிய முதல் சில நாட்கள் மட்டும் விதிவிலக்கு. உள்ளே தங்கியிருந்த காற்று மேலே வந்து வெளியேறும், அந்த இடத்துக்கு ஆயில் இறங்கும். அதற்குப் பிறகும் குறைந்தால் கசிவுதான்.

தரையில் தெரியவில்லை என்கிறீர்கள். சக்கரத்தின் தண்டைச் சுற்றியுள்ள சீல் கசிந்தால் ஆயில் நேராகக் கீழே சொட்டாது. டேஷ்போர்டின் பின்பக்கத்தில் வழிந்து ஒயர்களின் மேல் படியும். சிலிண்டர் பக்கம் கசிந்தால் அலையும் மழையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே தரையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் பம்ப், ஹோஸ், சிலிண்டர் எல்லாவற்றையும் துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு வெள்ளை டிஷ்யூ பேப்பரைப் பட்டைகளாகக் கிழித்துச் சக்கரத் தண்டின் அடியிலும், ஒவ்வொரு ஹோஸ் இணைப்பிலும், சிலிண்டரின் இரு முனைகளில் ராடு வெளியே வரும் இடத்திலும் சுற்றிக் கட்டுங்கள். சக்கரத்தை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, அந்த முனையில் சற்று அழுத்திப் பிடியுங்கள். பலமுறை இப்படிச் செய்துவிட்டு, முடிந்தால் ஒரு இரவு அப்படியே விட்டுவிடுங்கள். எந்தப் பேப்பர் நனைந்திருக்கிறதோ அங்கேதான் வேலை. கசிவைத் தேடி வெறும் விரலால் தடவாதீர்கள். இந்த வகை ஸ்டீயரிங்குகளில் பலவும் 1000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு) வரை அழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டவை. நுண்ணிய துளையிலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இணைப்பில் கசிந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, கூம்பு மரையாக இருந்தால் அதற்கென்று உள்ள திரவ சீலன்ட் தடவி முடுக்குங்கள். டெஃப்லான் டேப் சுற்றவே வேண்டாம். அதன் நூல் ஒன்று பிரிந்து ஆயிலோடு போய் பம்ப்பின் வால்வில் உட்கார்ந்துவிட்டால், சின்ன கசிவைச் சரிசெய்யப் போய்ப் பெரிய வேலையாகிவிடும்.

சக்கரத் தண்டில் கசிந்தால் சக்கரத்தைக் கழற்றித்தான் சீலை மாற்ற முடியும். பெரும்பாலான படகுகளில் தண்டு முக்கால் அங்குலக் கூம்பு, நடுவே ஒரு சாவித்துண்டு. உப்புக் காற்றில் இருந்த சக்கரம் சும்மா இழுத்தால் வராது. அப்போது சுத்தியலை எடுக்காதீர்கள், புல்லர் போட்டு இழுங்கள். தண்டின் தலையில் விழும் ஒவ்வொரு அடியும் நேராகப் பம்ப்பின் உள்ளே போகிறது.

சிலிண்டர் ராடில் கசிந்தால், புது சீல் போடும் முன் ராடை வெயிலில் வைத்துப் பாருங்கள், நகத்தால் நெடுக வருடுங்கள். நகம் தட்டினால் அங்கே துரு குழிபறித்திருக்கிறது. அந்தக் குழியின் விளிம்பு புது சீலையும் அறுக்கும். என் பட்டறையில் பழைய சீல்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வேலை பழக வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கொட்டிக் காட்டுவேன். தானாக வயதாகித் தேய்ந்த சீல் வட்டம் முழுக்க ஒரே மாதிரி மழுங்கியிருக்கும். ராடு அறுத்த சீலில் ஒரே இடத்தில் ஆழமாக ஒரு கீறல் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சீலோடு நிறுத்தலாமா, ராடையும் மாற்ற வேண்டுமா என்பது கழற்றும்போதே தெரிந்துவிடும்.

ராடு பளபளப்பாக இருக்கட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் துடைத்தால் போதும். அசிட்டோன், தின்னர் எதுவும் சீல் பக்கம் வரக் கூடாது.

கேள்வி: ஹோஸ் மாற்றிய பிறகு ஸ்டீயரிங் மெத்தென்று இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் இன்ஜின் சற்றுத் தாமதமாகத்தான் அசைகிறது. ஏர் எடுத்துப் பார்த்துவிட்டேன், மீண்டும் அப்படியே. என்ன தவறு?

உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். நீங்கள் சக்கரத்தைத் திருப்பும் முதல் கொஞ்சம் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிறது.

ஏர் எடுத்தும் போகவில்லை என்றால் பெரும்பாலும் வரிசை தவறியிருக்கும். வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது புரிந்தால் எந்தப் படகிலும் தடுமாறாமல் செய்யலாம். சிலிண்டருக்குள் பிஸ்டனின் இரு பக்கமும் இரண்டு அறைகள். பிஸ்டன் வலது முனைக்குப் போனால் வலது அறை மிகச் சிறியதாகிவிடும். அந்தச் சிறிய அறையின் வழியாக ஆயிலை ஓடவிட்டால்தான் அங்குள்ள காற்று முழுக்க அடித்துக்கொண்டு வெளியேறும். அறை பெரியதாக இருக்கும்போது ஏர் ஸ்க்ரூவை (சிலிண்டரில் காற்றை வெளியேற்ற உள்ள திருகு) திறந்தால் ஆயில் ஒரு ஓரமாக ஓடிவிடும், குமிழி இன்னொரு மூலையில் ஒதுங்கி நின்றுகொள்ளும்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தில், ஒருவர் சிலிண்டரில். ஆயில் பாட்டிலை ஒரு குழாய் வைத்துப் பம்ப்பின் நிரப்பும் துளையில் தலைகீழாக மாட்டுங்கள். வேலை முடியும் வரை அந்தப் பாட்டில் காலியாகக் கூடாது. ஒரு கணம் காலியானாலும் பம்ப் காற்றை உறிஞ்சிவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு சிறு படகுக்கு இரண்டு லிட்டராவது கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

சக்கரத்தைத் திருப்பி ராடை ஒரு பக்கம் முழுக்க வெளியே வரச் செய்யுங்கள். வலது பக்கம் என்று வைத்துக்கொள்வோம். வலது ஏர் ஸ்க்ரூவில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாத்திரத்தில் முக்கி வையுங்கள். ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். இப்போது சிலிண்டர் பக்கம் இருப்பவர் ராடு திரும்ப உள்ளே போகாமல் அழுத்திப் பிடிக்க, சக்கரத்தில் இருப்பவர் எதிர்த் திசையில் மெதுவாகத் திருப்ப வேண்டும். ராடைப் பிடிக்காவிட்டால் பிஸ்டன் நகர்ந்து அறை பெரிதாகிவிடும். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். முதலில் நுரை வரும், பிறகு விட்டுவிட்டுக் குமிழி வரும், கடைசியில் கண்ணாடி போல ஆயில் மட்டும் வரும். அப்படி வந்துகொண்டிருக்கும்போதே, சக்கரத்தை நிறுத்தாமல், ஸ்க்ரூவை மூடுங்கள். அதே திசையில் தொடர்ந்து திருப்பி ராடை இடது பக்கம் முழுக்க வரவைத்து, அங்கேயும் இதே வேலை.

சக்கரத்தை வேகமாகச் சுழற்றாதீர்கள். ஆயில் கடைந்து நுரைத்துவிடும், நுரைத்த ஆயிலிலிருந்து காற்று பிரிய வெகுநேரம் ஆகும். வெளியே வந்த ஆயிலை உடனே திரும்ப ஊற்றக் கூடாது. அதைத் தண்ணீரிலும் கொட்டக் கூடாது, பழைய இன்ஜின் ஆயிலோடு சேர்த்து ஒப்படையுங்கள்.

முடிந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு வழி: பாட்டிலைக் கழற்றிவிட்டு நிரப்பும் துளை வழியாக ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஒருவர் சக்கரத்தைக் கடைசி வரை திருப்பி மேலும் அழுத்தட்டும். மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் உள்ளே இன்னும் காற்று சுருங்கிக்கொண்டிருக்கிறது. அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. பிறகு நிரப்பும் துளையின் அடிவிளிம்புக்கு அரை அங்குலம் கீழ் வரை ஆயில் இருக்கட்டும். முழுக்க நிரப்பினால் வெயிலில் சூடேறி விரியும்போது மூடி வழியாகப் பிதுங்கும். அதைக் கசிவு என்று நினைத்துச் சீலை மாற்றுகிறவர்களும் உண்டு.

உங்கள் கடிதத்தில் ஹோஸ் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். புது ஹோஸ் வழியில் எங்காவது பம்ப்பை விட உயரமாக வளைந்து போகிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு மேடு இருந்தால் காற்று அங்கேயே குடியிருக்கும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் நகராது. ஹோஸைத் தாழ்த்திக் கட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு வண்டியின் பிரேக் ஆயிலை ஊற்றலாம் என்று நண்பர் சொல்கிறார். அதுவும் ஹைட்ராலிக் ஆயில்தானே?

ஊற்றவே கூடாது. வண்டிகளில் வழக்கமாக ஊற்றும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. படகு ஸ்டீயரிங்கின் சீல்கள் கனிம எண்ணெய்க்கு ஏற்ற நைட்ரைல் ரப்பரால் ஆனவை. பிரேக் ஆயில் பட்டால் அவை ஊறி உப்பி மெத்தென்றாகிவிடும். பிறகு ஒரு சீல் இரண்டு சீல் மாற்றிப் பயனில்லை, உள்ளே உள்ள ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

பெரும்பாலான படகு ஸ்டீயரிங்குகளுக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 15 தரத்து ஹைட்ராலிக் ஆயில். அந்த எண் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். தண்ணீர் போல இலேசாக இருக்கும். அதனால் கெட்டியான ஆயில் ஊற்றினால் நல்லது என்று தோன்றும், அது தவறு. சக்கரம் கனக்கும், குளிரில் இன்னும் கனக்கும். கியர்பாக்ஸ் ஆயிலும் வேண்டாம். பம்ப்போடு வந்த கையேட்டில் என்ன ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதில் ஒரு பாட்டில் எப்போதும் படகிலேயே இருக்கட்டும். அது இருந்தால் அவசரத்துக்கு வேறொன்றை ஊற்ற வேண்டிய நிலையே வராது.

கேள்வி: மேலே ஒன்று, கீழே கேபினுக்குள் ஒன்று என இரண்டு சக்கரங்கள். கீழே உள்ள பம்ப்பின் மூடி வழியாக ஆயில் வழிந்துகொண்டே இருக்கிறது. மூடியை மாற்றியும் நிற்கவில்லை.

கீழே இருக்க வேண்டியது துளையில்லாத மூடி. காற்றுத் துளை உள்ள மூடி மேல் பம்ப்புக்கு மட்டும். இரண்டு பம்ப்பும் ஒரு குழாயால் இணைந்திருப்பதால், கீழே துளையுள்ள மூடி இருந்தால் மேலே உள்ள ஆயில் எல்லாம் அதன் வழியாக வந்துவிடும். நீங்கள் வாங்கியதும் துளையுள்ள மூடியாகவே இருக்கும். துளையில்லாததைக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு, மேல் பம்ப்பில் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். காற்று புகுந்திருக்கும், ஏரும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சக்கரம் கடைசியில் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகிறது. பார்த்த மெக்கானிக் சிலிண்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?

பொறுங்கள். சிலிண்டர்தான் காரணம் என்று அவர் எதைச் சோதித்துச் சொன்னார் என்று கேளுங்கள். சோதிக்காமல் சொல்லியிருந்தால் வாங்காதீர்கள்.

முனைக்குப் போன பிறகு பலமாக அழுத்தினால் சக்கரம் மெல்ல ஊர்வது பல பம்ப்புகளில் இயல்பு. பம்ப்பில் உள்ள பிஸ்டன்களின் ஓரமாக உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் ஆயில் நழுவும், அவ்வளவுதான். இலேசாகத் திருப்பினாலே சுற்றினால்தான் கோளாறு. அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: ஆயில் குறைவு, காற்று, பம்ப்பின் உள் வால்வு, சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல். முதல் இரண்டையும் மேலே சொன்னபடி சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்து பம்ப்பைத் தனியாகப் பிரித்துச் சோதியுங்கள். இரண்டு ஹோஸையும் பம்ப்பிலிருந்து கழற்றி, அந்த இரண்டு வாய்களையும் அதே மரைக்குரிய உலோக அடைப்பானால் இறுக மூடுங்கள். ரப்பரோ மரக்கட்டையோ போதாது. இப்போது சக்கரத்தைத் திருப்பினால் உடனே கெட்டியாக நிற்க வேண்டும். நின்றால் பம்ப் நல்லது. தொடர்ந்து சுற்றினால் கோளாறு பம்ப்புக்குள்ளேயே இருக்கிறது, சிலிண்டரை மாற்றினாலும் தீராது.

பம்ப் நல்லதென்றால் ஹோஸ்களை மாட்டி, ஏர் எடுத்து, பிஸ்டனை ஒரு முனையில் நிறுத்துங்கள். அழுத்தம் வராத பக்கத்து ஹோஸைச் சிலிண்டரிலிருந்து கழற்றி, ஹோஸின் முனையை அடைத்துவிடுங்கள். சிலிண்டரின் திறந்த வாயின் கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். உதவியாளர் அதே திசையில் தொடர்ந்து அழுத்தட்டும். முதலில் சில சொட்டு வந்து நின்றுவிட்டால் பிஸ்டன் சீல் நன்றாக இருக்கிறது. சக்கரம் திரும்பத் திரும்ப ஆயில் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டனைத் தாண்டி ஒழுகுகிறது. அப்போது மெக்கானிக் சொன்னது சரி. அதற்கும் சீல் கிட் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சில சிலிண்டர்களைப் பிரித்துச் சீல் மாற்றலாம், சிலவற்றை அப்படியே மாற்றத்தான் வேண்டும்.

வேறொரு அறிகுறியும் இதோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. சக்கரம் அசையாமல் இருக்க, இன்ஜின் மட்டும் தானாக ஒரு பக்கம் நகர்ந்தால், அது பெரும்பாலும் பம்ப்பில் உள்ள பூட்டு வால்வு. தண்ணீரின் விசை திரும்பிச் சக்கரத்துக்கு வராமல் ஆயிலைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. வால்வு மூடி உட்காரும் இடத்தில் ஒரு துகள் சிக்கினாலே பிடி விட்டுவிடும். மேலே டெஃப்லான் டேப்பைப் பற்றிக் கண்டிப்பாக எழுதியது இதனால்தான்.

இன்னொரு யோசனை எல்லோருக்கும்: ஸ்டீயரிங் நல்ல நிலையில் இருக்கும்போதே, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். கணக்கு எளிது. சிலிண்டர் நிரம்ப 131 மில்லி வேண்டும், பம்ப் ஒரு சுற்றுக்கு 28 மில்லி தள்ளும் என்றால் சுமார் 4.7 சுற்று. பின்னால் அதுவே ஐந்தரை, ஆறு என்று கூடினால் ஆயில் எங்கோ நழுவுகிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. ராடு ஒரு பக்கம் மட்டும் வெளியே வரும் சிலிண்டராக இருந்தால் இடமும் வலமும் சுற்று எண்ணிக்கை சற்று வேறுபடும். ராடு அடைத்துக்கொள்ளும் இடம் ஒரு அறையில் மட்டும் இருப்பதால் வரும் வித்தியாசம் அது, பழுது இல்லை.

கேள்வி: சக்கரம் மிகவும் கனமாக இருக்கிறது. ஆயில் மாற்றியும் பயனில்லை.

சிலிண்டரை இன்ஜினோடு இணைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். இலேசாகச் சுற்றினால் ஹைட்ராலிக்கில் குறையில்லை. இன்ஜினைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள், அது இறுகியிருக்கும். இன்ஜின் திரும்பும் அச்சில் உள்ள கிரீஸ் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை மரைன் கிரீஸ் அடியுங்கள். சிலிண்டரைத் தாங்கும் ராடு டில்ட் டியூபுக்குள் (இன்ஜினைத் தூக்கி இறக்கும்போது அச்சாக இருக்கும் குழாய்) உப்புப் பூத்துப் பிடித்திருந்தால் உருவி எடுத்துச் சுத்தம் செய்து கிரீஸ் தடவுங்கள். திரும்ப மாட்டும்போது நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். பலமுறை கழற்றி மாட்டிய நட்டில் நைலானின் பிடி போயிருக்கும், ஸ்டீயரிங்கில் ஒரு நட் கழன்றால் திருப்ப வழியே இல்லாமல் போகும்.

இணைப்பைக் கழற்றிய பிறகும் கனமாகவே இருந்தால் ஹோஸ் எங்காவது மடிந்து நசுங்கியிருக்கலாம், அல்லது ஆயில் கெட்டி. ஒரு பக்கம் மட்டும் கனம், மறுபக்கம் இலேசு என்றால் இன்ஜினின் அடியில், ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் சிறிய துடுப்பு போன்ற தகட்டைப் பாருங்கள். வலப்பக்கம் எளிதாகத் திரும்பினால் அதன் பின்முனையைச் சற்று வலப்பக்கமே நகர்த்தி முடுக்கி, ஓட்டிப் பார்த்து, தேவையென்றால் இன்னும் சற்று நகர்த்துங்கள்.

கேள்வி: எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்ற வேண்டும்?

நாளை வைத்து மாற்றுவதை விட நிறத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே முழுக்க மாற்றுங்கள். கறுத்திருந்தால் ரப்பரோ உலோகமோ தேய்ந்து கலக்கிறது, மாற்றுவதோடு காரணத்தையும் தேடுங்கள். தெளிவாக இருந்தால் கையேடு சொல்லும் கெடுவைப் பின்பற்றினால் போதும்.

கேள்வி: நடுக்கடலில் ஹோஸ் வெடித்துவிட்டால் என்ன செய்வது? உள்ளே பொருத்திய இன்ஜின், தனிச் சுக்கான் உள்ள படகு.

முதலில் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். எல்லோரும் உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொள்ளட்டும், இருக்கும் இடத்தை ரேடியோவில் தெரிவியுங்கள். அதன் பிறகுதான் பழுது.

உங்கள் படகில் அவசர டில்லர் இருக்கும். சுக்கான் தண்டின் தலையில் நேராக மாட்டித் திருப்பும் கைப்பிடி அது. ஆனால் மாட்டிவிட்டால் மட்டும் சுக்கான் திரும்பிவிடாது. வெடித்தது ஒரு ஹோஸ்தான் என்றால் மறுபக்கத்து ஆயில் பூட்டு வால்வால் பிடிபட்டு நிற்கும், ஒரு திசையில் டில்லர் அசையவே அசையாது. இதற்காகத்தான் இரண்டு ஹோஸுக்கும் நடுவே ஒரு குறுக்கு வால்வு பொருத்துவார்கள். அதைத் திறந்தால் ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தடையில்லாமல் ஓடும், சுக்கான் விடுபடும். குறுக்கு வால்வு இல்லாத படகில் சிலிண்டர் ராடைச் சுக்கான் கையிலிருந்து கழற்றிவிட வேண்டும். அதற்குரிய ஸ்பேனரை அந்த இடத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

இரட்டை இன்ஜின் என்றால் ஒன்றின் வேகத்தைக் கூட்டி ஒன்றைக் குறைத்து மெல்லத் திரும்பலாம். கரையருகே, காற்றில்லாத ஒரு நாளில், குறுக்கு வால்வைத் திறந்து டில்லரை மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். படகில் உங்களோடு வருகிறவர்களும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். வால்வை மறுபடி மூடிவிட்டுச் சக்கரத்துக்குத் திரும்புங்கள். திறந்தே இருந்தால் சக்கரம் சுற்றும், சுக்கான் அசையாது.